தாலிமுக்கு நாற்பத்தெட்டு

ஏப்ரல் 22
காலையிலிருந்து ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் குனிந்தே கிடந்தேன். என் அண்ணன் லியோன்சியோவின் எருமைக்கடா தாலிமின் ரத்தம். நாட்டு எருமைக்கு நாற்பத்தெட்டு குரோமோசோம், அதிகம் கறக்கும் முர்ரா இனத்துக்கு ஐம்பது, இரண்டும் சேர்ந்து போட்ட கன்றுக்கு நாற்பத்தொன்பது. தாலிமின் எந்தச் செல்லை எண்ணினாலும் நாற்பத்தெட்டு. சுத்த நாட்டுக் கடா. அரசுப் பண்ணை பொலிகடாவாக எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் காயடித்து ஏரில் பூட்ட வேண்டியதுதான். அதை அண்ணன் மனசு தாங்காது.

போனில் சொன்னேன். "கொம்பப் பாத்தாலே தெரியுதே. இதப் போய் எண்ணிக்கிட்டு" என்றார். அழுதிருப்பார் என்று தோன்றியது.

மே 3
திருவிழா முடிந்ததும் பண்ணை லாரி வருமாம்.

மே 14
உழவர்களின் காவலர் புனித இசிதோர் கோயில் வாசலில், பழக்கியபடியே தாலிம் முழங்கால் போட்டது. ஊரே கைதட்டியது. அண்ணன் வீட்டு விருந்தில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இதோட தாய் கறந்த பால் இருக்கே, நாங்க குடிச்சது போக நாலு வீட்டுக்குப் பால் இனிப்பு கிளறிக் குடுத்தோம்."

தட்டிலிருந்து கையை எடுத்தேன். நாட்டு எருமை எங்கே அவ்வளவு கறக்கும்? கன்றுக்கே பற்றாது.

"தாய் யாரு வீட்லண்ணே பொறந்துச்சு?"

"புருதென்சியோ வீட்ல. நம்ம எருமைய அவன்கிட்ட வாரத்துக்கு வளக்க விட்டிருந்தோமே. மொத கன்னு அவனுக்கு, ரெண்டாவது நமக்கு. அதுதான் இதோட தாய்."

"அப்ப அவன்கிட்ட முர்ரா கடா இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

மே 15
தாய் கலப்பு என்றால் அதற்கு நாற்பத்தொன்பது. அது நாட்டுக் கடாவோடு சேர்ந்தால் கன்றுக்கு நாற்பத்தெட்டும் வரலாம், நாற்பத்தொன்பதும் வரலாம். அப்போ நான் எண்ணினது சரி — சுத்தம்னு சொன்னதுதான் தப்பா? எண் ஒண்ணு சொல்லுது, பால் ஒண்ணு சொல்லுது. தாயைச் சோதிக்கலாம்னா அது செத்தே போச்சு. ஒண்ணும் புரியல.

மே 16
திமாயுகா மேடத்திடம் சொன்னேன். ஆய்வகத் தலைவர்; ஆய்வு முடிவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். "நாற்பத்தெட்டுன்னா நாற்பத்தெட்டு. பால் கதையெல்லாம் எழுத முடியுமாம்மா? ஆனா அந்தப் பண்ணையில இனிமே பொறக்கிறதெல்லாம் இந்தக் கடாவோட கன்னுதான். உனக்குச் சரின்னு பட்டா கொண்டா, போடுறேன்."

எனக்குப் பட்டால். எனக்கு என்ன படுகிறது?

மே 17
மேடத்திடம் கையெழுத்துக்குக் கொண்டுபோகவில்லை. லாரி வராது. நானே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 26
மழை பிடித்துவிட்டது. தாலிம் ஏர் இழுக்கிறது. காயடித்த புண் ஆறிவிட்டதாம். அண்ணன் சேற்றில் அதன் பின்னாலேயே போனார், என்னைப் பார்க்கவில்லை. மதியம் அண்ணி கருவாடும் புளிச்சாறும் வைத்தாள். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வேற எவன் கடாவா இருந்தாலும் தப்பிச்சிருக்கும். அவன் வீட்டு விருந்துக்கு நீ போயிருக்க மாட்டியே, பால் கதையும் கேட்டிருக்க மாட்ட."

நிஜம்தான். அவரே என் தட்டில் இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினார். சாப்பிட்டேன்.