ஒழுகும் வீட்டை வாங்க வருகிறார்

அன்புள்ள ஓடில்,

பத்து மணிக்கு நம் வீட்டை வாங்க, வீடு வாங்கி விற்கும் திபோ வருவார். இழுத்துக்கொண்டே இருக்கும் இன்சூரன்ஸ் பணம் வந்தால் அதுவும் தனக்கே என்கிறார். பத்திரம் மேசையில். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீயும் போடு.

புயலுக்கு மறுநாளே, "இன்சூரன்ஸ்காரன் பாக்குற வரைக்கும் சுவத்தத் தொடாதய்யா" என்று கத்தினாய். ஊறிப்போன சுவர்ப் பலகைக்கு நடுவில் பிள்ளைகளைத் தூங்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. பிடுங்கி எரித்தேன். பிறகு வந்த இன்சூரன்ஸ்காரன், "சேதம் எங்கப்பா?" என்றான். இரண்டு வருஷமாக அதே கேள்விதான்.

சிவப்பு பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது. சாவி ஆணியில். நான் ஊரான் வீட்டுக்குக் கூரை போடப் போகிறேன்.

அர்மான்

திபோ வரும்போது மழை பெய்தால், ஒழுக்குக்கு வைத்த வாளியை ஒளிக்காதே. இனி அவர் வீடு, அவர் ஒழுக்கு.

சுவரைப் பற்றி அன்று நீ சொன்னதுதான் சரி. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் நீ எழுவதற்குள் கிளம்பிவிட்டேன்.