மறுபடி மேலே வந்த உன் கருவாட்டுப் பக்கம்

அல்லாஹ்வின் பொருத்தத்தில் உறங்கும் என் அன்புத் தங்கை ரம்ஸியாவுக்கு,

நீ அடங்கியிருக்கும் கப்றடியைக் கடக்கும்போதெல்லாம் சொல்லும் அதே ஸலாத்துடன் தொடங்குகிறேன். ஆலங்குடாவில் காற்று திரும்பிவிட்டது. பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் மீண்டும் வந்திருக்கிறார்கள். அயல்வீட்டுப் பிலோமினா வெயில் பார்த்து மீன் விரிக்கிறாள். ஓம், அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

போர் ஓய்ந்து பாதைகள் திறந்தபோது, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாங்களெல்லாம் திரும்புவதா இருப்பதா என்று கதைத்துக்கொண்டிருந்தோம். நீயோ பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, கணினி முன் அமர்ந்து, பிலோமினாவின் கருவாட்டைப் பற்றி வலைப்பூவில் எழுதினாய். ‘கருவாடு வாங்கக்குள்ள எதைப் பாக்கணும்?’ என்று தலைப்பு. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள் என்பதை நீ எழுதவில்லை. மீனை மட்டுமே எழுதினாய். கொழும்பிலும் கண்டியிலும் இருந்தவர்கள் தேடிப் படித்து, அதில் நீ போட்டிருந்த இலக்கத்துக்கு அழைத்து, அவளிடம் வாங்கினார்கள்.

நீ போன பின் அந்தப் பக்கம் இணையத் தேடலில் மெல்ல மெல்லக் கீழிறங்கிற்று. தேடுகிறவர் கண்ணில் படாத எழுத்தை யார் படிப்பார்? அழைப்புகள் நின்றன. வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகவென்று பிலோமினா பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துவிட்டாள் என்ற செய்தியோடு உன் மகள் நஸ்ரின் வந்தாள்.

“உம்மாட பழைய பதிவைத் திருத்திப் புதுசாக்கணும் மாமா. அப்பதான் தேடுறவங்களுக்குத் திரும்ப மேல வரும்.”

மறைந்தவர் எழுத்தில் கை வைப்பதா? ஓர் எழுத்தும் பிசகாமல் வேதம் ஓதிப் பழகியவன் நான். மனிதர் எழுத்தைத் தொடவும் எனக்குத் தயக்கம். ஆயினும் பிலோமினாவை நினைத்து இசைந்தேன். தலைப்பை மட்டும் செப்பனிட்டுத் தருகிறேன் என்று, ‘நெய்தல் நிலத்து உலர்மீன் தேர்நெறி’ என எழுதிக் கொடுத்தேன்.

நஸ்ரின் கதிரையில் இருந்தபடி சிரித்தாள். “அல்லாஹ்வே! இந்தப் பேரைச் சொல்லிக் கருவாடு தேட, சங்ககாலத்துல இருந்துதான் ஆள் வரணும்.”

வேலிக்கு அப்பால் நின்ற, உன்னைப் போலவே என்னை அண்ணனாக்கி அழைக்கும் பிலோமினாவும் விடவில்லை. “அதையே போடுங்க நானா. நான் துபாய்க்குப் போய் வாசிக்கிறன்.”

உன் தலைப்பே நின்றது.

அன்று அஸர் தொழுகைக்குப் பின் பழம்பாடல் ஒன்றை விரித்தேன். அதில் வரும் மீனின் பெயர் உரையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. பாடலின் சொல்லை யாரும் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு காலத்தாரும் தத்தம் காலத்துத் தமிழில் உரை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதாதிருந்தால் மூலமும் இன்று என் மடியில் இருந்திருக்குமா? தங்கச்சி, அந்த நேரத்தில்தான் என் தயக்கம் நீங்கிற்று.

நீ எழுதியபோது மீன் மணலில் ஓலை விரித்துக் காய்ந்தது. இப்போது கம்பு நட்டு, இடுப்புயரத்தில் வலை கட்டிக் காயவைக்கிறார்கள். “கருவாட்டுல மண் இருக்குமா எண்டுதான் இப்ப சனம் கேட்டுத் தேடுது” என்று நஸ்ரின் திரையில் காட்டினாள். பிலோமினா சொல்லச் சொல்ல அதற்கு விடை எழுதினேன். நின்றுபோன பஸ்ஸின் நேரத்தை எடுத்துவிட்டு, பார்சலில் அனுப்பும் விபரத்தைச் சேர்த்தோம். புதிய படங்களும் போட்டோம். ‘கழுவினா ருசி போகும் எண்டு பயப்படாதீங்க ராத்தாமாரே’ என்று அக்காமாருக்கு நீ எழுதிய வாக்கியத்தை அப்படியே விட்டேன். உன் தொலைபேசி இலக்கத்தை மாற்றவும் நான் விடவில்லை. அந்தத் தொலைபேசி என் மேசையில்தான் கிடக்கிறது. அதை அணைத்து வைக்க எனக்கு மனம் வந்ததே இல்லை.

சில வாரங்கள் கழித்து, “முதலாவதா நிக்குது மாமா!” என்று கத்திக்கொண்டு நஸ்ரின் படலையைத் திறந்தாள். அந்தக் கிழமையே, லுஹர் தொழுது எழுந்த நேரம், நெடுநாள் மௌனமாயிருந்த உன் தொலைபேசி ஒலித்தது.

“ரம்ஸியா டீச்சரா?” மாத்தளையிலிருந்து ஒரு பெண்.

நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து நீட்டினேன். மீன் கொண்டுவந்திருந்த பிலோமினா, உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். “டீச்சர் மவுத்தாயிட்டா அம்மா. நான் அவட ஆள்தான் கதைக்கிறன். ஓம், துளி மண் இருக்காது. எவ்வளவு வேணும்?”

அதன் பிறகு அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவளுடைய பாஸ்போட் படங்கள் அலுமாரிக்குள் போய்விட்டன. “எனக்கு இனித் துபாய் பாக்க நேரமில்ல நானா” என்கிறாள்.

பயன்தரும் கல்வியின் நன்மை மவுத்துக்குப் பின்னும் தொடரும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை ஜும்ஆக்களில் பேசியிருப்பேன்! அந்த நன்மைக்குக் கருவாட்டு வாசம் இருக்கும் என்பதை நீதான் எனக்குக் காட்டினாய். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

ஒவ்வொரு முறை காற்று திரும்பும்போதும் நஸ்ரினோடு அமர்ந்து உன் பக்கங்களை வாசிப்பேன். மாறியதை மாற்றுவேன், உன் குரலை மாற்றமாட்டேன். உன்னைத் தேடி அழைப்பவருக்கு, நான் உயிரோடிருக்கும் வரை, இந்த வீட்டிலிருந்து ஒரு பதில் கிடைக்கும். இன்ஷா அல்லாஹ்.

உன் தொலைபேசிக்குக் காவலிருக்கும்,
உன் நானா.