ஏழு தடவை ‘நல்லா இருக்கு’

நெப்ராஸ்கா
பிப்ரவரி 22, ஞாயிறு மதியம்

என் செல்ல மகள் மிக்காயேலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், சியாட்டில் மழையில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். முதல் வரியைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன், அது முழு உண்மை இல்லை, இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும், பின்னால் சொல்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே, அதற்கும் காரணம் இருக்கிறது.

இங்கே பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது. போன வாரம் உன் அப்பா நம் காரைத் தோண்டி எடுக்கிறேன் என்று போய், ஒரு மணி நேரம் பாடுபட்டு, பக்கத்து வீட்டுக்காரர் காரைத் தோண்டி எடுத்துவிட்டு வந்தார். அவர்கள் ஒரு கேக் கொடுத்தார்கள், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கிற ஆங்கில வகுப்புக்கு இரண்டு பேரும் விடாமல் போகிறோம். ஜனவரியில் டீச்சர் லொரெய்ன் புதிதாக ஒரு வாக்கியம் பழக்கினார், ஒன்று நம்மை இன்னதைச் செய்ய விடாமல் தடுக்கிறது என்று சொல்வதற்கு. தடுப்பது எது என்று முதலில் வர வேண்டும், நம்மால் செய்ய முடியாமல் போனது எது என்று பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த வகுப்பில் ஒரு விதி உண்டு, பொய் வாக்கியம் சொல்லக்கூடாது, புத்தகத்து மனிதர்கள் வேண்டாம், உங்கள் வீட்டில் நடப்பதையே சொல்லுங்கள் என்பார். உன் அப்பா எழுந்து, என் பொண்டாட்டி என்னைப் பேச விடாம தடுக்கிறா என்றார். வகுப்பே சிரித்தது. டீச்சர் பிரமாதம் என்று கை தட்டினார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரை நான் உண்மையிலேயே பேச விட்டிருக்க மாட்டேன், ஆனால் அதற்குள் வேறு விஷயம் ஆகிவிட்டது.

என் முறை வந்தது. பனி என்னைக் கடைக்குப் போக விடாமல் தடுக்கிறது என்று தயாராக வைத்திருந்தேன். பலகையில் எழுதப் போனால் பேனா விரலில் நிற்கவில்லை, விழுந்தது, எடுத்தேன், மறுபடி விழுந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, இடது கையில் பேனாவை எடுத்து, என் வலது கை என்னைக் கத்தி பிடிக்க விடாமல் தடுக்கிறது என்று எழுதினேன். டீச்சர் சிரிக்கவில்லை. வேற என்னவெல்லாம் செய்ய விடல, பெத்ரோனா, என்று கேட்டார். சட்டைப் பொத்தான் போட விடவில்லை, சீப்பைப் பிடிக்க விடவில்லை, மாவு பிசைய விடவில்லை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. கிறிஸ்துமஸுக்குச் சோள மாவு பிசைந்து வீட்டிலேயே அவிக்கிற தமாலேயைக் கடையில் வாங்கினேனே, சோம்பேறித்தனம் என்று உன் அப்பா ஒரு வாரம் கேலி செய்தார், நீயும் போனில் சேர்ந்துகொண்டாய். அன்று வகுப்பில் உன் அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இரண்டு வருஷமாகவே விரல் மரத்துப் போகிறது மகளே. இறைச்சி ஆலையில் பன்றித் தொடையில் எலும்பு எடுக்கிற வேலை, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை வெட்டுகிறோம் என்று எனக்கே தெரியாது. ஆலை கிளினிக்குக்கும் போகாமல் இல்லை, ஏழு தடவை போனேன். நர்ஸ் கை எப்படி இருக்கிறது என்று கேட்பார், நான் நல்லா இருக்கு, கடவுளுக்கு நன்றி என்பேன். நம் ஆட்கள் வேறென்ன சொல்வார்கள், உன் தாத்தா சாகக் கிடந்தபோதும் பார்க்க வந்தவர்களிடம் அதைத்தானே சொன்னார். சுகம் கேட்டவர் மடியில் எடுத்த எடுப்பில் நம் வலியைக் கொட்டுவது மரியாதையா. முதலில் நன்றி சொல்லி, அப்புறம் கொஞ்சம் பேசி, அதற்கப்புறம்தான் வலிக்கு வருவோம். நர்ஸுக்கு அவ்வளவு நேரம் ஏது, நல்லா இருக்கு என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நவம்பரில் லேசான வேலை கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டபோது அவர் என் ஃபைலைத் திறந்து காட்டினார், ஏழு இடத்திலும் நல்லா இருக்கு. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என் வாய் மேல்தான் வந்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை எட்டாம் தடவை போனேன். நர்ஸ் கேட்டதும் பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டு, என் கை என்னைக் கத்தி பிடிக்க விடாமல் தடுக்கிறது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பொத்தான், சீப்பு, மாவு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு நிறைய எழுதினார். ஒமாஹாவில் பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறதாம், கட்டைவிரல் அடியில் சதை வற்றிவிட்டதாம், இன்னும் தள்ளிப்போட்டால் கை திரும்பக் கிடைக்காது என்றார். மார்ச் 12 அறுவை சிகிச்சை. முழு பலமும் வருமா என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார். இப்போது என்னை லேபிள் ஒட்டுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள், இடது கையாலேயே ஒட்டுகிறேன். இந்தக் கடிதமும் இடது கையால்தான், மூன்று நாளாக எழுதுகிறேன்.

இனி உனக்கும் எனக்கும் உள்ள கணக்கு. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று நீ இரண்டு தடவை கேட்டாய், நாங்க நல்லா இருக்கோம், நீ படிப்பைப் பாரு என்றேன். வரப்போகிற ஈஸ்டருக்கு வரட்டுமா என்று கேட்டபோதும் அதையே சொன்னேன். உனக்கு எங்கள் மேல் பாசம் குறைந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் அழுதும் இருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என்னுடைய நல்லா இருக்கோம்தான் உன்னை வீட்டுக்கு வர விடாமல் தடுத்தது.

வேளைக்குச் சாப்பிடு, காபியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே, ஈரச் சாக்ஸோடு உட்காராதே. கன்னி மரியாள் உனக்குத் துணை இருப்பாள். ஒன்றை மறந்துவிடாதே, இனி போனில் எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்காதே, நான் பொய் சொல்லிவிடுவேன். இன்னிக்கு என்ன செய்ய முடியலை என்று கேள். இன்றைக்கு உள்ளதை இப்போதே சொல்லிவிடுகிறேன், என் தலையை நானே பின்ன முடியவில்லை, உன் அப்பா பின்னினால் கயிறு திரித்த மாதிரி இருக்கிறது. மார்ச் 12க்கு முன்னால் வந்துவிடு.

உன் அம்மா
பெத்ரோனா