ஆறிக்கொண்டிருந்த காப்பி

ஸுஹைபின் அம்மாவுக்கு,

உன் அண்ணன் வீட்டில் குளிருக்குக் கம்பளி இருக்கிறதா?

அன்று கராக் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் நம் துக்கக் கூடாரத்தில் காப்பிக் கிண்ணத்தைத் தொடாமல் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். நம் பிள்ளைமேல் லாரியை ஏற்றியவனின் தகப்பனும் அவர்கள் நடுவே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சேன்னு நீங்க சொன்னாத்தான் குடிப்போம், ஸுஹைப் அப்பா."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வந்தவர்களின் காப்பியை ஆறவிட்டுப் பழக்கமில்லை எனக்கு. "குடிங்க, மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "ஆம்பளைன்னா இவன்தான்யா!" என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வந்தால் நீ மூட்டை கட்டிக்கொண்டிருந்தாய். "அவங்க காப்பி ஆறுதேன்னு பார்த்தீங்க. என் வயிறு எரியுதே, அதப் பார்த்தீங்களா?" என்றாய்.

தெருவில் இன்றும் என் தோளில் முத்தமிடுகிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். ஸுஹைபின் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் போய்வருகிறேன்.

நீ சமைக்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். வந்துவிடு. நான் அந்த லாரிக்காரனை மன்னிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

இப்படிக்கு,
உன்னோடு ஸுஹைபைப் பெற்றவன்