இதுக்கெல்லாம் பையா?

எங்களுக்கு முன்னால் எழுந்து, எங்களுக்குப் பின்னால் சாப்பிட்ட அஞ்சலக்காவுக்கு,

உன் பையை இறக்கிவிட்டோம்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீ வீட்டுக்குள் வந்து கதவுக்குப் பின்னால் பார்த்தால் வெறும் ஆணிதான் இருக்கும். யாருக்கு என்ன ஆயிற்று என்று தேடுவாய். தேடாதே. எனக்குத்தான். கள்ளக்குறிச்சியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். இடது கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. வலது கையால் எழுதுகிறேன். பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வெளியே மழை. ஜன்னலில் மலை தெரியவில்லை. மழைமேகத்தில் மலை மறைந்துவிட்டால் வேலை இருக்காது, அடுப்பைச் சுருக்கு என்பாய். மலை மறைந்து ரொம்ப நாளாகிறது, அக்கா.

மழைக்காலத்தை நீ வெயிலிலேயே தொடங்கிவிடுவாய். மரவள்ளி பிடுங்கி முடித்த காட்டில் ஒடிந்து கிடக்கும் கிழங்கைப் பொறுக்கி வந்து, சீவி, ஓட்டின் மேல் காயவைப்பாய். கல்வராயன் மலைக்குப் புளி உலுக்கப் போனால் கூலியில் பாதியைப் புளியாகவே கேட்பாய். உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவாய். கரும்பு வெட்டும் இல்லாமல், களை வேலையும் இல்லாமல் ஊரே சுருண்டு கிடக்கும் நாட்களில், கிழங்கு வற்றலும் புளிச்சாறும் நம்மைக் கரை சேர்த்தன.

"பசிக்குப் பான. ஓடறதுக்குப் பை" என்பாய்.

அந்தப் பை எங்கிருந்து வந்தது என்று நீ ஒரே ஒரு முறைதான் சொன்னாய். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று யாரும் ஒரு டம்ளர்கூட எடுக்கவில்லையாம். பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்த பாட்டில் மூடியில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அம்மா போனாளாம். திரும்பி வந்ததும் நீ ஆணி அடித்தாய். ஜவுளிக்கடைக் கட்டைப்பையை அதில் மாட்டினாய். போர்வை, சொம்பு, டம்ளர், ஸ்பூன், மெழுகுவத்தி, தீப்பெட்டி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ். மேலே ஒரு பிஸ்கட் பாக்கெட்.

அமாவாசைக்கு அமாவாசை பையை இறக்குவாய். போர்வையை வெயிலில் போடுவாய். புது பிஸ்கட் உள்ளே போகும். பழைய பிஸ்கட்டை டீயில் தொட்டு நாம் தின்போம். தம்பிக்கும் எனக்கும் அதுதான் பண்டிகை. அப்பா மீசையில் தூள் ஒட்டிக்கொண்டிருக்கச் சிரிப்பார்.

"இந்த மாசமும் எமன் நம்ம பிஸ்கட்ட துன்னாம போய்ட்டான்டா!"

வராத ஆபத்தைத் தின்று வளர்ந்தோம். அதன் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. லேசான நமுப்பு. மெழுகுவத்தி வாசனை.

படிக்கப் போன சென்னை விடுதி அறையில் முதல் நாள் கதவுக்குப் பின்னால்தான் பார்த்தேன். கொக்கி இருந்தது. அதில் எதையும் மாட்ட மனம் வரவில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. இப்படித்தான், மலை மறைந்த நாட்களில். நான் போனில் கேட்டேன். நீ சிரித்தாய். "ஒரு மாத்திர போட்டா போச்சி. நீ பரீட்ச எழுதிட்டு வா." கண் மஞ்சளாகிவிட்டதைச் சொல்லவில்லை. தம்பி பையில் கை வைத்தானாம். பாயில் படுத்தபடியே அதட்டினாயாம்.

"டேய், கீழ எறக்காத. இதுக்கெல்லாம் பையா? கூட ஒருத்தன் குந்திக்கினு இருக்கணும். அவன் கூலியும் போவும்."

நீ சொன்னதை நம் வீட்டில் யாரும் மீறியதில்லை. நினைவு தப்பிய பிறகுதான் உன்னைப் பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். அப்போதும் பை ஆணியிலேயே இருந்தது. எறக்காதே என்று சொல்லியிருந்தாயே.

உனக்கு எதில் தண்ணீர் கொடுத்தார்கள்? தம்பியிடம் இதுவரை கேட்கவில்லை. அவனும் சொன்னதில்லை.

நீ போன பிறகு அமாவாசைகள் வந்து போயின. யாரும் பையை இறக்கவில்லை. அப்பா துணியால் தூசு மட்டும் தட்டுவார். தம்பிக்குக் கல்யாணம் ஆகி கலா வந்தாள். மணலூர்பேட்டைப் பெண். உன்னைப் பார்த்ததே இல்லை. குடை மாட்ட அந்த ஆணியைக் கேட்டாள்.

"அது அஞ்சல ஆணிம்மா" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

காற்றடித்தால் பையின் கைப்பிடிக் கட்டை கதவில் தட்டும். டொக். டொக். யாரோ வந்திருப்பதாக நினைத்து அப்பா போய்த் திறப்பார். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் உடனே சாத்த மாட்டார். ஒருவர் நுழைய எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் திறந்தே வைத்திருப்பார்.

நீயா அது?

இந்த வருஷம் காலம் கெட்டுக் கிடக்கிறது. கிழங்கு விலை விழுந்துவிட்டது. தம்பி மூட்டை தூக்கும் ஜவ்வரிசி ஆலையில் பாதி நாள் வேலை இல்லை. என் சென்னை வேலையும் போயிற்று. திரும்பி வந்துவிட்டேன். கலா உன் பானையைக் கண்டுபிடித்துக் கழுவி, புளி அடைத்திருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் எனக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. கலா என் கண் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணி, கண்ணு இன்னா இப்பிடி கெடக்குது? கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு." சொல்லிக்கொண்டே கதவுப் பக்கம் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"இதுக்கெல்லாம் பையா? ஒரு மாத்திர போட்டா போச்சி. கூட ஒருத்தர் குந்திக்கினு இருக்கணும்..."

அது என் குரல் இல்லை, அக்கா. அதே இழுப்பு. அதே சலிப்பு. அப்பா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிய தம்பி அப்படியே நின்றான். அந்தக் கணத்தில் நாங்கள் மூவரும் உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களால் அசைய முடியவில்லை.

உன் குரலைக் கேட்டே அறியாதவள் ஒருத்திதான் அசைந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"கலா, அதத் தொடாதம்மா."

"அப்ப எதத் தொடட்டும் மாமா?"

"அவ வச்சது. வாணாம்."

"ஆபத்துக்குன்னுதான வச்சாங்க? சும்மா பாத்துக்கினு இருக்கவா?" பையை இறக்கிவிட்டாள். பைக்குப் பின்னாலிருந்து தூசு கொட்டியது. தும்மினாள். பிறகு தம்பியைப் பார்த்து, "நீ இன்னாய்யா செல மாதிரி நிக்கற? பஸ்ஸு போய்டும். அண்ணியப் புடி" என்றாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னும் தள்ளியிருந்தால் ஈரல் தாங்கியிருக்காது என்றார். கலா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கட்டிலில் வைத்துத்தான் பையைப் பிரித்தாள். பிஸ்கட் மாவாகிப் போயிருந்தது. போர்வையில் அதே மெழுகுவத்தி வாசனை. ஒவ்வொன்றாக எடுத்து என் காலடியில் வைத்தாள். அடியில், நீ பிறகு சேர்த்த துணிகள். அப்பாவுக்கு ஒரு வேட்டி. தம்பிக்கு ஒரு கைலி. எனக்கு ஒரு சுடிதார், அந்த நாட்களுக்கென்று பழைய துணி கிழித்து மடித்தது. அடிவரை கைவிட்டுத் துழாவினாள். பையைக் கவிழ்த்து உதறினாள்.

"அண்ணி, அவங்களுக்கு இன்னா வச்சிக்கினாங்க?"



மாதாமாதம் பிரித்தாய், அடுக்கினாய். ஒரு முறைகூடக் கண்ணில் படவில்லையா? இல்லை, பட்டுத்தான் அப்படியே விட்டாயா? உனக்கு ஒன்றும் வராது என்று நினைத்தாயா? வந்தால் வரட்டும் என்றா?

இன்று காலை அப்பா வந்தார். நனைந்த சட்டைக்குள்ளிருந்து ஒரு புது பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார்.

"இன்னிக்கு அமாவாசையாப்பா?"

"இல்லம்மா. சும்மா."

தாகம் எடுத்தது. கலா சொம்பிலிருந்து உன் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடிப்பதை, கடைசி மடக்கு இறங்கும்வரை, அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டம்ளரை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். காலி. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பையில் இனி உன் புடவை ஒன்று இருக்கட்டும் என்றேன். நீ கூடவே இருப்பதுபோல் இருக்கும் என்று நினைத்தேன். கலா உடனே தலையாட்டினாள். "வைக்கலாம் அண்ணி. கூட இருக்கறவங்க கீழ விரிச்சிப் படுக்க ஆவும்." அவள் சொல்வதுதான் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

வீட்டுக்குப் போனதும் பை அதே ஆணிக்குத் திரும்பும். கதவைத் தட்டட்டும். அப்பா திறக்கட்டும். அமாவாசைக்கு இறக்குவோம். பழைய பிஸ்கட்டைத் தின்போம்.

ஒன்றில் மட்டும் உன் பேச்சை மீறுவேன், அக்கா. 'இதுக்கெல்லாம் பையா' என்ற அந்த வார்த்தை எங்கள் யார் வாயில் வந்தாலும், அப்பாவோ தம்பியோ கலாவோ நானோ, சொல்லி முடிப்பதற்குள் பையை இறக்குவேன். நீயே கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாலும் இறக்குவேன்.

உன் டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்ட
தங்கச்சி,
சுமதி