சார்ட்டில் கடைசி வரி

என் போனை எடுக்காத பொண்டாட்டிக்கு,

நீ சொன்னதுதான் நடந்தது. சாத்தூரில் நாங்கள் கட்டுகிற ஆஸ்பத்திரியிலிருந்து சித்தாள் பெண்கள் முப்பது பேரும் நீ சூப்பர்வைசராக இருக்கும் பட்டாசுக் கம்பெனிக்கே வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கான்கிரீட் போடவேண்டும். ஆளில்லாவிட்டால் திட்டச் சார்ட் போட்ட எனக்குத்தான் வேலை போகும்.

கூலிப் பாக்கி வாங்க சைட்டுக்கு வந்த அவர்கள் தலைவி பாண்டிச்செல்வி அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "வெடிமருந்துக்குப் பயமில்லையாக்கா?"

"அங்கன கக்கூஸ் இருக்கு தம்பி. இங்கன பகல் பூரா தண்ணி குடிக்காம கெடந்தோம். உங்க சார்ட்டுல பொம்பளைக்கு ஒண்ணுக்கே வராதோ?"

சார்ட்டில் ஆயிரத்து நானூறு வேலைகள். கொடிக்கம்பத்துக்கு மட்டும் நான்கு நாள். கக்கூஸ் கடைசி வரியில் இருந்தது, திறப்பு விழாவுக்கு வரும் மந்திரிக்காக, டைல்ஸ் போட்டு. பெண்களுக்கு முதலில் கக்கூஸ் கட்டு, இல்லாவிட்டால் ஓடிவிடுவார்கள் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். அதற்குத்தான் நீ இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறாய்.

அந்த வரியைத் தூக்கி முதலில் போட்டேன். இன்று கட்டி முடித்துத் தண்ணீரும் வந்துவிட்டது. மேனேஜர் குதிக்கிறார்: "ஏலே, மந்திரி வந்தா எங்கலே போவாரு?"

சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பாண்டிச்செல்வி அக்காவிடம் கொடு. மந்திரிக்கு அவசரமென்றால் அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை வரை என்ஜினியர்,
அதற்குப் பிறகும் உன் வீட்டுக்காரன்.