ஆளுக்கொரு மஞ்சள் விளக்கு

ஜூலை 9, திங்கள்

அப்புக்குட்டி, விடியறதுக்கு முன்னாடி பிடிச்ச மழை, இன்னும் விடல. துணி எதுவும் காயல. உன் சட்டை இல்லாம கொடி பாதி காலி.

உளுந்து ஊறப் போடணும். கேஸுக்குச் சொல்லணும்.

மீனா சாவி கேட்டா. உன் ஸ்கூட்டர் சாவி, அன்னைக்கு நீ எடுக்காம விட்டுட்டுப் போன வண்டி. உன் தங்கச்சிக்கு பூனாவோட அந்தக் கோடியில, வாகட் பக்கம் கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்குடா. அடுத்த திங்கள் சேரணும். பஸ்னா ரெண்டு மாறணும். சாவியக் காணோம்னு சொல்லிட்டேன். துவரம்பருப்பு டப்பாக்குள்ள இருக்கு.

ஜூலை 10, செவ்வாய்

மழை. சளி. பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா, நீ காக்குன்னு கூப்பிடறவங்க, மொபெட்ல நனைஞ்சுக்கிட்டு வந்தாங்க. டீ போட்டுக் குடுத்தேன்.

"இன்னைக்கும் மூணு லெஃப்ட்தான் வஹினி" அப்டின்னாங்க. வஹினின்னா அவங்க பாஷையில அண்ணி.

நீ டிரைவிங் ஸ்கூல்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல அவங்களுக்கு வச்ச சட்டம். "காக்கு, உங்களுக்கு ரைட் கிடையாது. தாண்டிப் போய் மூணு வாட்டி லெஃப்ட் திரும்புங்க, போக வேண்டிய ரோடு வந்துரும்." மொத நாள் மூணாவது லெஃப்ட் நேரா சந்தைக்குள்ள போயிருச்சாம். "பேங்குக்குன்னு போனேன், வெந்தயக்கீரையோட வீட்டுக்கு வந்தேன்" னு சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தவங்க அழுதுட்டாங்க. நானும். டீ ஆறிப்போச்சு.

லைசன்ஸ் குடுக்கறவங்க எல்லாருக்கும் ஒரே சட்டம் வச்சிருக்காங்க, அதான் தப்பும்ப நீ. சோத்துல கைய வச்சுக்கிட்டே பேசுவ. "ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு புத்தி. சட்டம் மட்டும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?"

அப்பாவுக்கு: சிக்னல்ல மஞ்சள் விழுந்தா நிக்காதீங்க, போயிருங்க. திடீர்னு பிரேக்க அமுக்கிப் பின்னாடி வர்றவன்கிட்ட இடி வாங்காதீங்க.

மீனாவுக்கு: மஞ்சள்னா உனக்கு சிவப்பு. நாப்பதைத் தாண்டக் கூடாது. நீ பறக்கிறவ.

எனக்கு: பின்னாடி உக்காந்தா சாயாதே. முக்கியமா, பேசாதே.

ஜூலை 12, வியாழன்

மழை விட்டிருக்கு. வெயில் இல்ல. போர்வை மட்டும் துவைச்சேன்.

அப்பா நைட் ஷிப்டே கேட்டு வாங்கிட்டாங்க. வீட்ல இருந்தாலும் பேச்சு இல்ல. இன்னைக்கு சமையல்கட்டு வாசல்ல நின்னாங்க.

"பருப்புல சாவி கிடக்கு."

"தெரியும்."

"வேகவச்சுறாதே."

நீ போனப்புறம் அந்த மனுசன் சொன்ன மொத வேடிக்கை. சிரிக்கணும்னு நெனச்சேன்.

சாயங்காலம் மீனாவோட சண்டை. "அண்ணன் போய்ட்டான்னு நான் வீட்லயே உக்காரணுமா? போல் நா அம்மா, சொல்லு." உன் அண்ணன் மாதிரி ஓட்ட பூனாவுலயே ஆள் கிடையாது, அவனுக்கே இப்படி ஆச்சு, நீ எம்மாத்திரம்னு கேட்டேன். லாரிக்காரன் பச்சை விழறதுக்கு முன்னாடியே எடுத்துட்டான், இவன் மேல என்ன தப்புன்னேன். அவ எதையோ சொல்ல வந்தா. அப்படியே கதவச் சாத்திக்கிட்டா.

கேஸ் வரல.

ஜூலை 14, சனி

தூறல். கத்திரிக்கா, அரை கி. வெங்காயம், தீப்பெட்டி.

டப்பாவத் தொறந்து சாவிய எடுத்துக் குடுத்துட்டேன். ஒரு வாட்டி நான் பின்னாடி உக்காந்து பாப்பேன், அப்புறந்தான் வேலைக்கு எடுத்துட்டுப் போகணும்னு சொன்னேன். உன் பழைய ஹெல்மெட் அவளுக்குப் பெருசு. உள்ள துண்டு மடிச்சு வச்சா.

நான் சாயல. பேசல.

லாரி உன்ன அடிச்ச அந்தச் சௌக் சிக்னலுக்குத்தான் கூட்டிட்டுப் போனா. மஞ்சள் விழுந்துச்சு. நின்னுட்டா. பின்னாடி ரிக்ஷாக்காரன் ஹார்ன் மேல ஹார்ன். "ஓ தாயி, இங்கயே குடித்தனம் வைக்கப் போறியா?" அவ அசையல. அவ தோள் மேல கை வச்சேன்.

அண்ணன் சொன்னத நீ மறக்கலடின்னேன். பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்க, பேசிட்டேன்.

திரும்பாமயே சொன்னா. "அம்மா, அவன் நிக்கவே மாட்டான். நான் எத்தன வாட்டி பின்னாடி உக்காந்து போயிருக்கேன். மஞ்சள்ங்கறது ஓட்டத் தெரியாதவங்களுக்கு, எனக்கு இல்லம்பான்."

பச்சை விழுந்துச்சு. இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா. அப்புறம் மெதுவா எடுத்தா.

வீட்டுக்கு வந்து சாவிய உன் ஆணியிலயே மாட்டினேன். இனிமே அவ எடுத்துக்கட்டும். பருப்பு வேகவச்சேன். யாரும் சரியா சாப்பிடல.

காக்குவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, வாயத் தொறக்காம உக்காருன்னு எனக்கு ஒண்ணு. எல்லாருக்கும் வச்ச. உனக்கு ஒண்ணு யாருடா வச்சிருக்கணும் அப்பு, நானா?